கருத்தடையும் இஸ்லாமிய அறநெறியும்: ஜவ்வாது மலையடிவாரக் குடும்பங்களின் சிந்தனைக்கு

திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலைத்தொடரின் வடபுறத்தே பாலாறு ஓடுகிறது. அவ்வாற்றின் கரையில் அமைந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலால் புகழ் பெற்ற ஊர்கள். இஸ்லாமிய மக்கள் பல தலைமுறைகளாகப் பெருந்தொகையினராக வாழ்ந்துவரும் ஊர்களும் அவையே. 1919-இல் தோன்றிய இஸ்லாமியா கல்லூரி வாணியம்பாடியிலும், 1924-இல் நிறுவப்பட்ட ஜாமியா தாருஸ்ஸலாம் என்னும் சமயக் கலாசாலை ஆம்பூரை அடுத்த உமராபாத்திலும் உள்ளன. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆலிம்களை உருவாக்கி வருகிறது. இதே நிலப்பரப்பில்தான் 1952-இல் நம் வேலூர் மறைமாவட்டமும் உருவாயிற்று. திருப்பத்தூரில் 1951-இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரியும் இங்கேதான் உள்ளது.

கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கொலியும் ஒரே காற்றில் கலந்து வரும் இத்தகைய ஊர்களில் நாம் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்கிறோம். பிறந்த குழந்தையைக் காணவும் செல்கிறோம். ஆயினும், குழந்தைப் பேற்றைப் பற்றி அண்டைவீட்டாரின் சமயம் என்ன கற்பிக்கிறது என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது. தெரியாத இடத்தை வதந்தி நிரப்பிவிடுகிறது. "அவர்கள் மதம் குடும்பக் கட்டுப்பாட்டை அறவே தடுக்கிறது, அதனால்தான் அவர்கள் தொகை பெருகுகிறது" என்னும் பேச்சைக் கேளாத காது இல்லை. கத்தோலிக்கரைப் பற்றியும் இதே பேச்சு ஒரு காலத்தில் ஊரெங்கும் உலவியது. பிறர் நம்மைப் பற்றி அறியாமல் பேசியபோது நமக்கு எத்துணை வருத்தம் உண்டாயிற்றோ, அதே வருத்தத்தை நாம் பிறர்க்கு உண்டாக்கலாகாது அல்லவா? ஆகவே இஸ்லாமிய மரபு இப்பொருளில் உண்மையில் கூறுவது யாது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

திருக்குர்ஆன் கூறுவது

முதலில் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். கருத்தடையை நேர்ப்பொருளில் அனுமதிக்கும் வசனமும் தடுக்கும் வசனமும் திருக்குர்ஆனில் இல்லை. வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்லலாகாது என்னும் கண்டிப்பான கட்டளை 6-ஆம் அத்தியாயத்திலும் 17-ஆம் அத்தியாயத்திலும் காணப்படுகிறது. பழைய அரபு நாட்டில் பெண்சிசுக்களை உயிரோடு புதைக்கும் கொடிய வழக்கம் இருந்தது. தீர்ப்பு நாளில் அச்சிசுவே வினவப்படும் என்று 81-ஆம் அத்தியாயம் அவ்வழக்கத்தைக் கண்டிக்கிறது. உயிர்கள் அனைத்திற்கும் உணவளிக்கும் பொறுப்பு இறைவனுடையது என்னும் கருத்து 11-ஆம் அத்தியாயத்தில் உள்ளது.

கருத்தடையை எதிர்ப்போர் இவ்வசனங்களையே சான்றாகக் கொள்கின்றனர். வறுமைக்கு அஞ்சிக் கருவைத் தடுப்பதும் இறைவனிடத்து நம்பிக்கையின்மையே என்பது அவர்கள் வாதம். அனுமதிப்போரோ, பிறந்த குழந்தையைக் கொல்வதும் இன்னும் உருவாகாத ஒன்றைத் தவிர்ப்பதும் ஒன்றாகா என்று மறுமொழி கூறுகின்றனர். இறைவனை நம்புவதும் முன்யோசனையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்பதற்கு, ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பாரத்தை வை என்று நபிகள் நாயகம் ஒரு பயணிக்கு அறிவுரை கூறிய செய்தியை அவர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு.

மற்றொரு வசனமும் ஈண்டுக் கருதத்தக்கது. தாய்மார் தம் குழந்தைகளுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டலாம் என்று 2-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அதற்கு முன்னரே பால்குடி மறக்கச் செய்வதாயின், தாயும் தந்தையும் கலந்தாலோசித்து மனமொத்து முடிவு செய்யலாம் என்றும் அதே வசனம் உரைக்கிறது. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே காலம் வேண்டும் என்னும் குறிப்பு இதில் அடங்கியிருப்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். ஒரு மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் கருவுற முயல்வதற்குக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துள்ளது.

நபிமொழிகளும் "அஸ்ல்" என்னும் வழக்கமும்

நபிகள் நாயகத்தின் காலத்தில் அரேபியர்க்குத் தெரிந்திருந்த முக்கியமான கருத்தடை முறை "அஸ்ல்" எனப்படும். உறவின் இறுதியில் ஆண் விலகிக்கொள்வதே அம்முறை. திருக்குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே தோழர்கள் அஸ்ல் செய்து வந்தனர் என்று ஜாபிர் என்னும் நபித்தோழர் அறிவித்த செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அது குற்றமாயின் இறைவசனம் இறங்கித் தடுத்திருக்கும் அன்றோ என்பது சட்ட அறிஞர்கள் இதிலிருந்து கண்ட முடிவு.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. அஸ்லை மறைமுகமாக உயிரோடு புதைத்தல் என்று நபிகள் கூறியதாக ஜுதாமா என்னும் பெண்மணி அறிவித்த செய்தி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. அபூதாவூத் தொகுப்பிலோ, அஸ்லைச் சிறிய அளவிலான சிசுக்கொலை என்று கூறியோரை நபிகள் மறுத்ததாகவும், இறைவன் படைக்க நாடியதை எவராலும் தடுக்க இயலாது என்று விளக்கியதாகவும் செய்தி காணப்படுகிறது. ஒன்றோடொன்று மோதுவன போன்று தோன்றும் இச்செய்திகளை எவ்வாறு இணைத்துப் பொருள் கொள்வது என்பதே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இஸ்லாமிய அறிஞர் ஆராய்ந்துவரும் வினா.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064) ஜுதாமாவின் செய்தியையே இறுதியானதாகக் கொண்டு அஸ்லை முற்றிலும் விலக்கினார். ஆனால் பெரும்பான்மையோர் அவர் வழிச் செல்லவில்லை. நான்கு மத்ஹபுகளையும் சேர்ந்த சட்ட அறிஞர்களுள் பெரும்பான்மையினர் அஸ்லை அனுமதித்தனர். சிலர் அதனை விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினர்.

இமாம் கஸாலியின் நுண்ணிய ஆராய்ச்சி

இப்பொருளை மிக நுணுகி ஆராய்ந்தவர் இமாம் கஸாலி (1058–1111). "இஹ்யா உலூமுத்தீன்" என்னும் பெருநூலில் இல்லற ஒழுக்கம் பற்றிய பகுதியில் அவர் அஸ்லை விவாதிக்கிறார். சிசுக்கொலையும் கருச்சிதைவும் உருவான ஒன்றுக்கு இழைக்கும் குற்றம். அஸ்லோ அவ்வாறானதன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். கருவுற்றபின் அதனைக் குலைத்தல் குற்றம் என்றும், கரு வளர வளரக் குற்றத்தின் கனமும் மிகும் என்றும் கூறுகிறார்.

அத்தோடு நில்லாமல், அவர் மனிதனின் உள்நோக்கத்தையும் சோதிக்கிறார். மகப்பேற்றின் ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காத்தல், அவளது உடல் நலத்தையும் எழிலையும் பேணுதல், பிள்ளைகள் மிகுதியால் நேரிடும் பெருஞ்சுமைக்கும் தகாத வழியில் பொருள் தேடும் நிலைக்கும் அஞ்சுதல் ஆகிய காரணங்களை அவர் ஏற்கிறார். இறைவன்மீது முழு நம்பிக்கை வைப்பதே மேலானது என்று கூறினும், இக்காரணங்களைப் பாவம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பெண்குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் கருத்தடை செய்வதைத் தவறு என்று திட்டமாகத் தீர்ப்பளிக்கிறார். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற தீர்ப்பு இது. தமிழகத்தின் சில பகுதிகளில் பெண்சிசுக்கொலை நடந்ததையும், அதனைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்கும் நமக்கு, எச்சமயத்தவராயினும், இத்தீர்ப்பு இன்றும் தேவைப்படுகிறது என்பதை மறுக்க முடியுமா?

மனைவியின் சம்மதம்

இஸ்லாமியச் சட்ட மரபில் நம் கவனத்தை ஈர்க்கும் மற்றொரு கூறு மனைவியின் சம்மதம். ஹனபி, மாலிகி, ஹன்பலி ஆகிய மூன்று மத்ஹபுகளும் மனைவியின் அனுமதியின்றிக் கணவன் அஸ்ல் செய்யலாகாது என்பதைப் பொதுவிதியாகக் கொண்டன. இல்லற இன்பத்திலும் தாய்மையிலும் மனைவிக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கணவன் தானாகப் பறிக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். ஷாஃபி மத்ஹபில் சம்மதம் கட்டாயமன்று என்ற கருத்தே வலுப்பெற்றது. காலம் கெட்டிருக்கும்போது, பிள்ளைகளை நல்வழியில் வளர்ப்பது அரிதென்று அஞ்சினால் சம்மதமின்றியும் செய்யலாம் என்று பிற்கால ஹனபி அறிஞர் சிலர் விதியைத் தளர்த்தினர்.

இவ்வேறுபாடு நம் தமிழகத்திலேயே காணக்கிடைக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம்களிடையே ஷாஃபி மத்ஹபு பரவியுள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பகுதிகளில் உருது பேசும் குடும்பங்களிடையே ஹனபி மத்ஹபே பெரும்பான்மை. ஆகவே "முஸ்லிம்கள் இப்படித்தான்" என்று ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவது, நம் தமிழ்நாட்டளவிலேகூடப் பொருந்தாது.

கருவைத் தடுப்பதா, கருவை அழிப்பதா?

கருத்தடையும் கருச்சிதைவும் இஸ்லாமிய அறநெறியில் வெவ்வேறாகவே வைத்து எண்ணப்படுகின்றன. தாயின் கருவறையில் உயிர் மூன்று நிலைகளைக் கடந்து, 120 நாள் நிறைந்தபின் அதற்குள் ஆன்மா ஊதப்படுகிறது என்னும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, அதன்பின் செய்யும் கருச்சிதைவை அனைத்து மத்ஹபுகளும் விலக்குகின்றன; தாயின் உயிரைக் காத்தல் போன்ற தவிர்க்கவொண்ணா நிலையே விதிவிலக்கு. அதற்கு முந்திய காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. மாலிகி மத்ஹபினர் பெரும்பாலும் தொடக்கமுதலே தடுக்கின்றனர். ஹனபி அறிஞருள் பலர் தக்க காரணம் இருப்பின் அனுமதிக்கின்றனர்.

நம் திருச்சபையின் போதனை இவ்விடத்தில் வேறுபடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கருவுற்ற கணமுதலே அம்மனித உயிர் காக்கப்பட வேண்டியது என்பது நம் நம்பிக்கை. ஆயினும் கருச்சிதைவைக் குடும்பக் கட்டுப்பாட்டின் ஒரு முறையாக எண்ணலாகாது என்பதில் இரு சமயத்தாரும் பெரிதும் ஒத்த குரலினர். 1994-இல் கெய்ரோ நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் மக்கட்தொகை மாநாடு கூடியபோது, கருச்சிதைவு பற்றிய வாசகங்களை எதிர்த்து வத்திக்கானும் முஸ்லிம் நாடுகள் சிலவும் ஒரே அணியில் நின்றதை உலகம் கண்டது.

நிரந்தரத் தடையும் அரசின் கட்டாயமும்

தற்காலத்து முறைகளான மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி ஆகியவற்றை அஸ்லோடு ஒப்பிட்டு நோக்கிப் பல அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். எகிப்து நாட்டின் தலைமை முஃப்தியாக இருந்த அப்துல் மஜீத் ஸலீம் 1937-இலேயே கருத்தடையை அனுமதித்துத் தீர்ப்பு வழங்கினார். 1958 முதல் 1963 வரை அல்-அஸ்ஹரின் தலைமை ஷேக்காக விளங்கிய மஹ்மூத் ஷல்தூத், அடுத்தடுத்துக் கருவுறும் பெண்கள், பரம்பரை நோய் உடையோர் முதலியோர்க்குக் கருத்தடை தக்கது என்றார். ஆனால் நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுச் சட்டமாகப் பிறப்பை வரையறுப்பதை அவர் ஏற்கவில்லை. இந்திய மண்ணில் தோன்றிய மௌலானா மௌதூதியோ, பிறப்புக் கட்டுப்பாட்டை ஒரு சமூக இயக்கமாகப் பரப்புவதைக் கடுமையாக எதிர்த்து உருது மொழியில் தனி நூலே எழுதினார். இவ்வாறு ஒரே சமயத்திற்குள் இருவகைக் குரல்களும் ஒலித்துள்ளன.

பல நாட்டு அறிஞர்கள் கூடும் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடி எடுத்த முடிவு, இன்று பலரும் மேற்கோளாகக் கொள்வது. அதன் சாரம் மூன்று கூறுகளாகும். தம்பதியர் பிள்ளை பெறும் உரிமையைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்டம் இயற்றலாகாது. தவிர்க்கவியலாத தேவை இருந்தாலன்றி, ஆணையோ பெண்ணையோ நிரந்தரமாக மலடாக்கலாகாது. தக்க காரணத்தோடும், இருவர் சம்மதத்தோடும், கேடு விளையாத முறையிலும், உருவான கருவுக்குத் தீங்கின்றியும் தற்காலிகமாகக் கருவைத் தள்ளிப்போடலாம்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிய தயக்கத்தின் வேர் இங்கேதான் உள்ளது. துறவு வாழ்வை நாடித் தம்மை ஆண்மையற்றவராக்கிக்கொள்ள விரும்பிய தோழர்க்கு நபிகள் அனுமதி மறுத்தார் என்னும் செய்தி அத்தயக்கத்திற்கு அடிப்படை. தமிழகத்திலோ குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்குச் செய்யும் கருத்தடை அறுவை என்றே பொருள்படும் அளவிற்கு அம்முறை வேரூன்றிவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் திருமணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்ளும் அறுவையோ அரிதினும் அரிது. ஒரு முஸ்லிம் பெண் பிரசவ அறையில் "அறுவை வேண்டாம்" என்று கூறினால், அவள் பிள்ளைகளை வரையறுக்க மறுக்கிறாள் என்று நினைப்பது தவறு. அவள் வேறொரு முறையை நாடுகிறாள் என்பதே பலவேளை உண்மை. மாத்திரை, ஆணுறை போன்ற தற்காலிக முறைகளை முஸ்லிம் தம்பதியர் பிறரைவிட மிகுதியாகப் பயன்படுத்துவதை அகில இந்திய ஆய்வுகளும் காட்டுகின்றன.

அரசு தன் கையை வரம்பு மீறி நீட்டியபோது நிகழ்ந்ததை நம் நாடு 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் கண்டது. 1976–77 என்னும் ஒரே ஆண்டில் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 1976 ஏப்ரலில் டில்லி துர்க்மான் வாயிலிலும், அதே ஆண்டு நவம்பரில் அரியானாவின் உத்தாவர் கிராமத்திலும் முஸ்லிம் மக்கள் பட்ட துன்பம் வரலாற்றில் பதிந்துள்ளது. அன்று உண்டான அச்சம் பின்னர் நெடுங்காலம் மக்களை மருத்துவமனையிலிருந்தே விலகி நிற்கச் செய்தது. அந்த விலகலை மதவெறி என்று பெயரிட்டு ஒதுக்குவது நீதியாகுமா?

எண்கள் உரைக்கும் உண்மை

இனி, தொகை பெருகுகிறது என்னும் பேச்சுக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1992–93-இல் இந்திய முஸ்லிம் பெண்ணொருத்திக்குச் சராசரியாக 4.4 பிள்ளைகள், 2019–21-இல் அது 2.36 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்துப் பெண்களின் சராசரி 3.3-இலிருந்து 1.94 ஆயிற்று. எந்தச் சமூகத்தினும் மிகுதியாகக் குறைந்தது முஸ்லிம்களிடையேதான். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் ஜம்மு காஷ்மீரில் 2019–21-இல் இந்த எண் 1.4, அகில இந்தியச் சராசரியோ 2.0. ஈரான் நாட்டில் 1980-களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்த சராசரி, மதத்தலைவர்களின் இசைவோடு நடந்த திட்டத்தால் இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ இரண்டாயிற்று. அதே நாடு பின்னர் கொள்கையை மாற்றி, 2021-இல் பிறப்பைப் பெருக்கச் சட்டமும் இயற்றியது. ஆகவே, பிள்ளைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது வேதநூல் மட்டுமன்று. பெண்ணின் கல்வி, குழந்தை பிழைக்கும் என்னும் உறுதி, அருகில் மருத்துவ வசதி, குடும்ப வருவாய் ஆகியவையே பெரும்பங்கு வகிக்கின்றன.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள நாம் மலைமேலும் நோக்கலாம். ஜவ்வாது மலையின் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்டிர் எவரும் இஸ்லாமியர் அல்லர். சாலையும் மருத்துவமனையும் எட்டாத காலத்தில் அவர்கட்கும் இளமைத் திருமணமும் அடுத்தடுத்த மகப்பேறும் பெருஞ்சுமையாகவே இருந்தன. பள்ளியும் செவிலியரும் மலையேறிச் செல்லும் அளவுக்கே அச்சுமை இறங்கும். சமயத்தின்மேல் பழி சுமத்திவிட்டால், நாம் செய்ய வேண்டிய இந்தக் கடமை மறைந்துபோகும்.

நாம் கற்க வேண்டியவை

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968 ஜூலை 25-இல் வெளியிட்ட "மனித உயிர்" என்னும் சுற்றுமடல், தம்பதியரின் இணைவையும் புதுவாழ்வுக்குத் திறந்திருத்தலையும் பிரிக்கலாகாது என்று கற்பித்துச் செயற்கைக் கருத்தடையை விலக்கியது. தக்க காரணம் உள்ளபோது கருவுறாக் காலத்தைத் தேர்ந்துகொள்ளும் இயற்கை முறையை ஏற்றது. இஸ்லாமிய மரபு அச்செயலின் இயல்பைவிட, நோக்கத்தையும், கேட்டையும், சம்மதத்தையும் முதன்மையாக நோக்குகிறது. இது உண்மையான வேறுபாடு. அதனை மழுப்புவது நட்பாகாது.

ஆனால் ஒற்றுமைகளும் உண்மையானவையே. குழந்தை இறைவனின் கொடை. இல்வாழ்வு திருமணத்திற்குள் அமைய வேண்டும். தன்னலத்திற்காகப் பிள்ளைச் செல்வத்தைத் தள்ளலாகாது. பொறுப்போடு பெற்றுப் பொறுப்போடு வளர்க்க வேண்டும். அரசு தம்பதியரின் படுக்கையறைக்குள் கட்டாயத்தோடு நுழையலாகாது. இவை யாவும் இரு வீட்டாரும் ஒப்பக் கொண்டவை. முஸ்லிம்களை மதிப்போடு நோக்குமாறும், பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலுமாறும் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் நம்மைக் கேட்டுக்கொண்டதும் இதனாலேயே.

கத்தோலிக்கக் கணவன்மாருக்கு இதில் ஒரு தனிப்பாடமும் உண்டு. மனைவியைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது என்று பத்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே சட்ட அறிஞர்கள் எழுதிவைத்தனர். நம் வீடுகளில் எத்தனை மகப்பேறு, எத்தனை இடைவெளி, எப்போது ஓய்வு என்னும் வினாக்களுக்கு மனைவியின் குரலைக் கேட்டு விடை காண்கிறோமா? இயற்கை முறையைக் கடைப்பிடிக்கக் கணவனின் தன்னடக்கமும் மனைவியின் உடலைப் பற்றிய அறிவும் இன்றியமையாதவை. அவ்விரண்டும் இன்றேல் திருச்சபையின் போதனை மனைவியின் தோளில் மட்டும் விழும் சுமையாகிவிடும்.

பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. நீதிமன்றத்தில் நின்று சொல்லும் பொய் மட்டுமன்று, திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஆராயாமல் பரப்பும் சொல்லும் அக்கட்டளைக்கு உட்பட்டதே. இனி அண்டைவீட்டுக் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு எழும்போது, நாம் அறிந்த உண்மையை அன்போடு எடுத்துரைப்போம். பேறுகாலத்தில் துன்புறும் தாய் எந்த வீட்டாளாயினும், அவள் நலமே நம் முதற்கவலையாகட்டும்.